தொட்டிலைச் சுற்றி நிற்பவர் வினை

உலகத்தைப் படைத்தவன் ஒருவன் உண்டு என்று ஒப்புக்கொண்ட மாத்திரத்தில் அவன்மேல் இரண்டு குற்றங்கள் வந்து சேர்கின்றன என்பதைப் பிரம்ம சூத்திரத்தைச் செய்தவர் மறைக்க முயலவில்லை. ஒருவனை மாளிகையிலும் மற்றொருவனைத் தெருவோரத்திலும் பிறப்பித்ததால் பட்சபாதம் ஒன்று. பிறந்தவர்களை நோயாலும் சாவாலும் வாட்டுவதால் இரக்கமின்மை மற்றொன்று. வைஷம்யம், நைர்க்ருண்யம் என்று இவற்றுக்குப் பெயரிட்டு, இரண்டாம் அத்தியாயத்தின் முதற் பாதத்தில் நேருக்கு நேராக நிறுத்தி, ஈசுவரன் ஜீவர்களுடைய கர்மத்தை அபேட்சித்தே சிருஷ்டிக்கிறான் ஆகையால் இக்குற்றங்கள் அவனைச் சாரமாட்டா என்று அவர் விடை கூறினார். இந்த விடையைக் கேட்கும்போது நம் மனம் உடனே எடுத்துக்கொள்ளும் உதாரணங்கள் பெரும்பாலும் வளர்ந்த மனிதர்களே: செல்வத்தை இழந்தவன், பார்வையை இழந்தவன், புத்திரரைப் பறிகொடுத்தவன். தான் செய்தது இன்னதென்று எதையும் காட்ட இயலாத, மூச்சு விடத் தொடங்கி ஒரு நாழிகைகூட ஆகாத சிசுவைச் சபை நடுவே கிடத்தினால் அந்த விடை அதே உறுதியோடு நிற்குமா என்பதை இங்கே சிறிது விசாரிக்கலாம் என்று எண்ணுகிறேன்.

வயிற்றுச் சுவர் முழுதும் கூடாமல் பிறக்கும் குழந்தையை இதற்கு எடுத்துக்கொள்கிறேன். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், தொப்புள்கொடி புறப்படும் வாயே அகன்றுபோய், அதன் வழியே குடலும் சில வேளைகளில் ஈரலும் மெல்லிய சவ்வுப் பை ஒன்றுக்குள் அடங்கியபடி வெளியே வந்திருக்கும்; வைத்தியர்கள் இதை ஆம்ஃபலோசீல் என்பர். மற்றொன்றில், கொடி தன் இடத்தில் ஒழுங்காகவே இருக்க, அதற்குப் பக்கத்தில், பெரும்பாலும் வலப்புறத்தில், ஒரு சிறு பிளவு. அதன் வழியே சவ்வோ போர்வையோ எதுவுமின்றிக் குடல் வெளியே கிடக்கும். இதற்குக் காஸ்ட்ரோஸ்கைசிஸ் என்று பெயர். மாதக்கணக்கில் பனிக்குட நீரில் ஊறிய அந்தக் குடல் தடித்து, ஒன்றோடொன்று ஒட்டி, மேலே ஒரு படலம் படர்ந்து காணப்படும். முதல் வகைக் குழந்தைகளில் பலருக்கு இருதயத்திலோ குரோமோசோமிலோ வேறு குறையும் சேர்ந்தே இருக்கும். இரண்டாம் வகையில் குடலைத் தவிர மற்றெல்லாம் பெரும்பாலும் செம்மையாகவே இருக்கும். குழந்தை அழுகிறது, காலை உதைக்கிறது, முகத்தைப் பார்த்தால் குறை ஒன்றும் தெரியாது. சில ஆயிரம் பிறப்புகளில் ஒன்று இப்படி நேர்கிறது. இருபது வயது நிரம்பாத தாய்மாரிடம் இந்த இரண்டாம் வகை மிகுதி என்பதும், கடந்த சில பத்தாண்டுகளில் பல தேசங்களில் இது பெருகிவந்திருக்கிறது என்பதும் கணக்கெடுத்தவர்கள் கண்டறிந்தவை. ஏன் என்பதை இதுவரை எவரும் நிரூபித்ததில்லை. காரணம் தெரியாத இடம் காலியாகக் கிடந்தால் அங்கே முன்வினை வந்து உட்கார்ந்துகொள்வது நம் வீடுகளில் வழக்கம்.

ஆனால் கருவின் சரித்திரத்தை நிதானித்துப் படிப்பவருக்கு ஒரு திகைப்பு உண்டாகும். ஆறாம் வாரத்தில் ஈரல் விரைந்து பருக்க, வயிற்றறையில் இடம் போதாமல், நீண்டுகொண்டே போகும் நடுக்குடல் தொப்புள்கொடியின் அடிப்பாகத்துக்குள் இறங்கிவிடுகிறது. அங்கிருந்தபடியே அது வளைகிறது, திரும்புகிறது. வெளியே தொடங்கிய சுழற்சியை உள்ளே வந்து முடித்து, மொத்தம் 270 பாகை இடஞ்சுழியாகச் சுற்றி, பத்தாம் வாரம் தொடங்கிப் பன்னிரண்டாம் வாரத்துக்குள் வயிற்றுக்குத் திரும்பி அததன் இடத்தில் அமர்கிறது. பன்னிரண்டு வாரம் நிறையும் முன் ஸ்கேனில் குடல் வெளியே தெரிந்தாலும் மருத்துவர் அதைக் குறையென்று எழுதாமல் விடுவது இதனால்தான். இது ஆயிரத்தில் ஒருவருக்கு நேர்வதன்று. பிறந்த மானிடர் எல்லாருக்கும் பொது. சூத்திரத்துக்குப் பாஷ்யம் செய்த மகான்களும், அதைப் பழித்தவர்களும், இதை எழுதும் நானும், வாசிக்கும் நீங்களும் ஏறக்குறைய ஒரு மாத காலம் குடலை வயிற்றுக்கு வெளியே வைத்திருந்தவர்களே. ஆம்ஃபலோசீலோடு பிறந்த குழந்தை நாம் செல்லாத வழியில் சென்ற குழந்தையன்று. நாம் எல்லோரும் போன வழியிலேயே போய், நாம் திரும்பிய இடத்தில் திரும்பாமல் நின்றுவிட்ட குழந்தை.

அப்படியானால் முதலில் எழவேண்டிய வினா எது? இந்தக் குழந்தையின் குடல் ஏன் திரும்பவில்லை என்று கேட்பதற்கு முன், நம்முடைய குடல் ஏன் திரும்பிற்று என்று கேட்டிருக்க வேண்டாமா? அந்த ஒரு மாதத்தில் நாம் செய்த புண்ணியம் என்ன? தாய்மாருக்கு அது நடந்ததே தெரியாது. வாந்தியும் மயக்கமுமாக அவர்கள் வேறு கவலையில் இருந்தார்கள். நன்மை நேர்ந்தால் அதை இயல்பு என்று ஏற்றுக்கொண்டு, தீமை நேர்ந்தால் மாத்திரம் வினைக்கணக்கைப் பிரித்துப் பார்ப்பது நியாயமான கணக்காகாது.

மேனாட்டிலும் இந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தவர்கள் உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் பிரான்சு தேசத்து அரசர்களுக்கு ரணவைத்தியராக இருந்த அம்ப்ருவாஸ் பாரே, தொப்புள் வழியே குடல் வெளிவந்த சிசுவை வருணித்தவர்களுள் முற்பட்டவர் என்று சஸ்திர வைத்திய சரித்திரம் எழுதுவோர் குறிப்பிடுவார்கள். அவர் 1573-இல் விகாரப் பிறவிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அத்தகைய பிறவிகளுக்கான காரணங்களை அதில் வரிசைப்படுத்தியபோது, முதலாவது ஆண்டவனுடைய மகிமை, இரண்டாவது ஆண்டவனுடைய கோபம் என்று எழுதிவிட்டு, அதன்பிறகுதான் வித்தின் மிகுதி, குறைவு, கருப்பையின் ஒடுக்கம் என்று மற்றவற்றுக்கு வருகிறார். மகிமைக்கு அவர் காட்டிய சாட்சி யோவானுடைய சுவிசேஷத்தில் வரும் பிறவிக் குருடன். இவன் குருடனாய்ப் பிறந்தது இவன் செய்த பாவத்தாலா, இவனைப் பெற்றவர்களின் பாவத்தாலா என்று சீடர்கள் கேட்க, இரண்டுமில்லை என்று குரு மறுத்துவிட்டுக் கண்ணைத் திறக்கும் காரியத்தில் இறங்கிவிடுகிறார். மறுப்பைச் சொன்னவர் விளக்கத்தை நீட்டிக்கொண்டிராமல் காரியத்துக்குப் போனார் என்பதை உரைகாரர்கள் போதிய அளவு கவனித்ததாக எனக்குத் தோன்றவில்லை. பாரேயும் அப்படிப்பட்டவரே. காரணங்களை ஏட்டில் எழுதியது ஒரு பாரே. போர்க்களத்தில் புண்ணுக்கு மருந்திட்டுவிட்டு, தான் கட்டுத்தான் போட்டதாகவும் ஆற்றியவன் ஆண்டவன் என்றும் சொல்லிக்கொண்டவர் மற்றொரு பாரே. எனக்கு இரண்டாமவரிடமே மதிப்பு.

நம் நாட்டுச் சாஸ்திரங்களை இந்த விஷயத்தில் குருட்டு விதிவாதம் என்று ஒதுக்குகிறவர்கள் அவற்றைத் திறந்து பார்த்தவர்கள் அல்லர். சரக சம்ஹிதையின் சரீர ஸ்தானம், கருவில் உறுப்பு விகாரப்படுவதற்குக் காரணம் கூறுமிடத்தில், வித்தின் தோஷம், ஆத்மாவின் கர்மம், கருப்பையின் தோஷம், காலத்தின் தோஷம், தாயின் ஆகார விகார தோஷம் என்று பலவற்றையும் ஒரே வரிசையில் வைக்கிறது. கர்மம் அங்கே ஒன்று, அது மட்டுமே அன்று. விமான ஸ்தானத்தில் அக்னிவேசன், ஆயுள் எல்லாருக்கும் முன்னமே நியதமானதுதானா என்று ஆசிரியரைக் கேட்க, ஆத்திரேயர், தெய்வம் என்பதும் புருஷகாரம் என்பதும் இரண்டும் சேர்ந்தே ஆயுளை நிர்ணயிக்கின்றன, இவற்றில் வலியது எளியதை அடக்கும், ஆயுள் முழுதும் நியதமென்றால் மருந்தும் மந்திரமும் எதற்கு, மதம் பிடித்த யானையைக் கண்டு விலகுவதுதான் எதற்கு என்ற கருத்தில் பதில் சொல்லுகிறார். பௌத்தர்களுடைய சம்யுத்த நிகாயத்திலே சீவகன் என்னும் பரிவிராஜகன், மனிதன் அனுபவிக்கும் சுகதுக்கம் எல்லாம் பழைய கர்மத்தின் பயனே என்று சிலர் கூறுவதைப் பற்றிப் புத்தரிடம் கேட்கிறான். பித்தம், கபம், வாதம், அவற்றின் சேர்க்கை, பருவ மாறுதல், பேணாமை, திடீர்த் தாக்குதல் என்று ஏழைச் சொல்லிவிட்டு எட்டாவதாகத்தான் அவர் கர்ம விபாகத்தைச் சொல்லுகிறார். எல்லாவற்றையும் அந்த எட்டாவதிலேயே அடக்குகிறவர்கள் உலகம் அறிந்த உண்மையைத் தாண்டிப் போகிறார்கள் என்றும் கண்டிக்கிறார்.

சாஸ்திரம் இவ்வளவு எச்சரிக்கையோடு பேசியிருக்க, வீட்டுக் கூடத்தில் நடக்கும் விசாரணை எவ்வளவு சுருக்கமாக முடிந்துவிடுகிறது! கிரகணத்தன்று இவள் அரிவாள்மணையைத் தொட்டாள்; ஆறாம் மாதத்தில் சாவு வீட்டுக்குப் போனாள்; குலதெய்வத்துக்கு நேர்ந்த கிடாயை வெட்டாமல் விட்டார்கள். குடல் தன் இடத்துக்குத் திரும்பும் காலம் பன்னிரண்டாம் வாரத்தோடு முடிந்துபோயிற்று என்பதை அறியாத பெரியவர்கள் எட்டாம் மாதத்துக் கிரகணத்தை இழுத்து வந்து சாட்சிக்கூண்டில் ஏற்றுகிறார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சூத்திரகாரர் கர்மத்தை எடுத்துப் பேசியது ஈசுவரனுக்காக வாதாடும் வக்கீலின் ஸ்தானத்தில் நின்றுகொண்டு. குற்றம் சாட்டப்பட்டவனை விடுவிப்பதே அவருடைய நோக்கம். அதே வாசகத்தை நாம் எடுத்து, படுக்கையில் தையல் போட்ட வயிற்றோடு கிடக்கும் தாயின்மேலும், பக்கத்து அறையிலுள்ள சிசுவின்மேலும் குற்றப்பத்திரிகையாகப் படிக்கிறோம். வாதியும் பிரதிவாதியும் மாறிப்போனது யாருக்கும் தெரிவதில்லை.

இனி, அந்தப் பக்கத்து அறையில் நடப்பதைப் பார்ப்போம். தத்துவத்துக்கு வேண்டிய சரக்கு அங்கேதான் இருக்கிறது.

காஸ்ட்ரோஸ்கைசிஸோடு பிறந்த குழந்தையை முதலில் அக்குள் வரையில் சுத்தமான பிளாஸ்டிக் உறைக்குள் வைப்பார்கள். திறந்த குடலிலிருந்து சூடும் நீரும் போய்விடும் வேகத்துக்கு அந்தச் சிறிய உடல் ஈடுகொடாது. வலப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைப்பது, குடலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் மடங்காதிருக்க. மூக்கு வழியாக வயிற்றுக்குள் ஒரு குழாய், கையில் சலைன். அதன்பிறகு கணக்கு ஒன்று வருகிறது: வெளியே இருப்பது அதிகம், உள்ளே இருக்கும் இடம் கொஞ்சம். குடல் வெளியிலேயே வளர்ந்ததால் வயிறு தன் அளவுக்குப் பெருகவில்லை. ஒரேயடியாக உள்ளே தள்ளித் தைத்துவிட்டால் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும், கீழிருந்து இருதயத்துக்கு வரும் பெரிய சிரை நசுங்கும், சிறுநீர் நின்றுபோகும், உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு மூச்சு திணறும், திரும்ப உள்ளே சென்ற குடலே இரத்தமின்றிக் கறுத்துவிடும். சரிசெய்ய வேண்டும் என்ற அவசரமே சிசுவைக் கொல்லும் என்பதைச் சஸ்திர வைத்தியர்கள் பல சாவுகளைக் கண்டே கற்றுக்கொண்டார்கள். 1948-இல் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் என்பவர் பெரிய ஆம்ஃபலோசீல்களைத் தோலால் மாத்திரம் மூடிவிட்டுத் தசையைச் சேர்ப்பதைப் பின்னொரு காலத்துக்கு ஒத்திவைத்தார். அதே ஊரில் ஷூஸ்டர் என்பவர் 1967-இல், செயற்கைத் துணியைப் பிளவின் ஓரங்களில் தைத்துக் குடலுக்குத் தற்காலிகமாக ஒரு வெளியறை கட்டி, அதை நாளடைவில் இறுக்கிக்கொண்டு வரும் முறையை வெளியிட்டார். இரண்டாண்டுக்குள் அந்த அறை சிலிக்கோன் பூசிய தாள் ஆயிற்று. நாளடைவில் தைக்கவே தேவையில்லாத, அடியில் வில்வளையம் வைத்த, உள்ளே இருப்பது தெரியும் பையாயிற்று. சைலோ என்பது அதன் பெயர்.

வளையத்தை மடித்துப் பிளவுக்குள் நுழைத்தால் அது உள்ளே விரிந்து தானாகப் பிடித்துக்கொள்ளும். பையின் உச்சியை மேலே கட்டி நிமிர்த்தித் தொங்கவிடுவார்கள். குடல் தன் கனத்தால் தானே கீழே இறங்க வேண்டும். நர்ஸ் மணிக்கொருமுறை வந்து நிறத்தைப் பார்க்கிறாள்: ரோஜா நிறமாக இருக்கிறதா, மங்குகிறதா, நீலம் பாய்கிறதா? வைத்தியர் தினமும் ஒரு தடவையோ இரண்டு தடவையோ வந்து, பையின் மேற்பகுதியை விரலால் மெல்ல வழித்து, இறங்கிய அளவுக்குக் கீழே ஒரு நாடாவைக் கட்டிவிட்டுப் போகிறார். நேற்றுக் கட்டிய நாடாவுக்கும் இன்று கட்டிய நாடாவுக்கும் இடையே ஒரு விரற்கடை இருந்தால் அது நல்ல நாள். குழந்தையின் மூச்சு வேகமானால் அன்றைக்கு நாடா இல்லை. இப்படிச் சில நாட்கள், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள், பை காலியாகிவிடும். அதற்குமேல் தையல் போடாமல், வெட்டி எறியாது வைத்திருந்த தொப்புள்கொடியையே பிளவின்மேல் பரப்பி ஒட்டி மூடிவிடுவதும் உண்டு. அவ்விடத்தில் வயிறு தானே சுருங்கிக் கூடி, சொந்தத் தொப்புளோடு பிள்ளை வளரும். பழைய முறையில் தைக்கப்பட்டவர்கள் பலருக்குத் தொப்புள் இராது. பள்ளிக்கூடத்தில் சட்டையைக் கழற்றும் வயதில் அது அவர்களுக்குப் பெரிய விஷயம்.

விதி பெரிதா முயற்சி பெரிதா என்று பட்டிமன்றம் நடத்தும் நமக்கு இந்தப் பையைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினைக்கு ஓர் அதிகாரமும் எழுதியது முரண்பாடு என்று சொல்லுகிறவர்கள், இரண்டையும் ஒரே கை கையாளும் இடத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். குடலின் கனமும் வயிற்றின் அகலமும் மனிதன் வகுத்தவை அல்ல. நாடாவைக் கட்டுவது மனிதன். கட்டாவிட்டாலும் கெடும், மிகையாகக் கட்டினாலும் கெடும்.

இவ்வளவும் சொன்னபிறகு கர்மவாதியைத் தீர விசாரிக்க வேண்டியிருக்கிறது. அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்னால் காஸ்ட்ரோஸ்கைசிஸோடு பிறந்தவர்களில் பெரும்பாலோர் மாண்டார்கள். இன்று செல்வ நாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் குறையாமல் பிழைக்கிறார்கள். குழந்தையின் பிராரப்தம்தான், அதாவது இப்பிறவியில் பலன் தரத் தொடங்கிய பழவினைதான், அதன் ஆயுளை நிர்ணயித்தது என்றால், இந்த இடைக்காலத்தில் பிறந்த ஆத்மாக்கள் எல்லாம் திடீரென்று புண்ணியவான்களாகிவிட்டார்களா? காலத்தை விட்டு இடத்தைப் பார்ப்போம். 2021-இல் லான்செட் சஞ்சிகையில் வெளிவந்த ஓர் ஆய்வு, 74 நாடுகளில் 264 ஆஸ்பத்திரிகளுக்கு வந்த சிசுக்களைக் கணக்கெடுத்தது. செல்வ நாடுகளில் காஸ்ட்ரோஸ்கைசிஸோடு வந்தவர் 139 பேர், இறந்தவர் 2 பேர். நடுத்தர வருமான நாடுகளில் 304 பேரில் 97 பேர் இறந்தனர். மிக வறிய நாடுகளில் வந்தவர் 10 பேர். அவர்களில் 9 பேர் இறந்தனர். அந்தப் பத்து என்ற எண்ணிக்கையே வேறொன்றையும் சொல்லுகிறது: ஆஸ்பத்திரி வாசலை எட்டாமலே இறந்தவர்கள் கணக்கில் இல்லை. வறிய நாட்டு வைத்தியர்கள் வில்வளையப் பைக்கு விலை கொடுக்க வழியின்றிச் சலைன் பையையும் சிறுநீர்ப் பையையும் வெட்டிச் சைலோ செய்துகொள்கிறார்கள். அவர்கள் கையில் திறமை இல்லாமலில்லை. பை இல்லை, இன்குபேட்டர் போதவில்லை, குழந்தையைக் கொண்டுவர வண்டி இல்லை.

கர்மவாதி இதற்கும் பதில் வைத்திருக்கிறார்: நல்வினை செய்த ஆத்மா பாஸ்டனில் பிறக்கிறது, தீவினை செய்தது ஏழை நாட்டுக் கிராமத்தில் பிறக்கிறது. பதில் முழுமையாகத்தான் இருக்கிறது. முழுமையாக இருப்பதுதான் அதன் நோய். பாஸ்டனில் அந்த ஆஸ்பத்திரியைக் கட்டியவர் தம் இச்சையால் கட்டினாரா, அவரும் வினையால் உந்தப்பட்டுக் கட்டினாரா? உந்தப்பட்டுத்தான் கட்டினார் என்றால் உலகத்தில் புதிதாகச் செய்யப்படும் வினை என்று ஒன்றே இல்லை. பிராரப்தம் உண்டாகும் ஊற்றே அடைபட்டுப்போகிறது. இச்சையால் கட்டினார் என்றால், ஒருவருடைய இன்றைய செயல் மற்றொரு சிசுவின் ஆயுளை மாற்றிவிட்டது. அந்த ஆயுள் அதன் பழைய கணக்கில் முத்திரையிட்டு மூடப்பட்டதன்று. ஆத்திரேயர் அக்னிவேசனுக்குச் சொன்னது இதைத்தான். சைவ சித்தாந்தம் சஞ்சிதம், பிராரப்தம், ஆகாமியம் என்று வினையை மூன்றாக வகுத்திருப்பது நாம் சிறுவயதிலிருந்தே கேட்ட பாடம். தொட்டிலில் கிடக்கும் சிசுவுக்கு ஆகாமியம், அதாவது இப்போது செய்து சேர்க்கும் புதுவினை, இல்லை. அது இன்னும் ஒன்றும் செய்யத் தொடங்கவில்லை. தொட்டிலைச் சுற்றி நிற்கும் நமக்குத்தான் அது நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆயினும் நம் கண் எப்போதும் சிசுவின் பிராரப்தத்தின்மேலேயே இருக்கிறது. பஞ்சாயத்துக்கு வரும் சாலை, பிரசவ வார்டில் ஒரு இன்குபேட்டர், பதினேழு வயதில் பெண்ணைக் கட்டிக்கொடுக்காமலிருப்பது, இவை எந்த வினையில் சேரும் என்று கேட்டால் அது அரசியல் என்று சொல்லி எழுந்துவிடுகிறோம்.

பக்தி உள்ளவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான் என்பதும் உண்மையன்று. பிலடெல்பியாவின் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தலைமைச் சஸ்திர வைத்தியராயிருந்த எவரெட் கூப், எல்லாம் ஆண்டவன் சித்தப்படியே நடக்கிறது என்பதில் ஐயமே இல்லாத பிரெஸ்பிட்டேரியன் கிறிஸ்தவர். சிசுக்களுக்கென்றே தனித் தீவிர சிகிச்சைப் பகுதி அமைத்த முன்னோடிகளில் ஒருவர். 1968-இல் அவருடைய இருபது வயது மகன் மலையேறும்போது விழுந்து இறந்தான். அதன்பின்பும் அவர் நம்பிக்கையை விடவில்லை, கத்தியையும் விடவில்லை. ஆண்டவன் சித்தம் இன்னதென்று முன்கூட்டியே தெரிந்தவர்போல அவர் எந்தத் தொட்டிலின் முன்னும் பேசியதில்லை என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1982-இல் இந்தியானாவில், டவுன் குறைபாட்டோடு உணவுக்குழாய் அடைபட்டுப் பிறந்த சிசுவுக்குப் பெற்றோர் சிகிச்சை வேண்டாமென்று சொல்லி, அது சில நாளில் இறந்தபோது, அமெரிக்க அரசின் தலைமை மருத்துவராக இருந்த அவர் அத்தகைய மறுப்பைக் கடுமையாக எதிர்த்தார்.

இந்த இடத்தில் ஒரு கடினமான சங்கதியை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. ஆம்ஃபலோசீலோடு பிறக்கும் சில குழந்தைகளுக்குப் பதினெட்டாம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கும்; அவர்களில் பெரும்பாலோர் முதலாண்டைத் தாண்டுவதில்லை. அங்கே பெரிய சஸ்திர சிகிச்சை செய்வது வாழ்வை நீட்டிப்பதா, சாவை நீட்டிப்பதா? இந்தப் பாகுபாட்டைக் கூப்பும் ஒப்புக்கொண்டவரே. ஆனால் கோட்டை எங்கே போடுவது என்பதில் அவர் என்னைவிடக் கண்டிப்பானவர். சவ்வு கிழியாத குழந்தைக்குக் கத்தி வைக்காமல், சவ்வின்மேல் மருந்தைத் தினந்தோறும் தடவித் தோல் தானே மேலே படர விடும் பழைய முறை ஒன்று உண்டு. சாராயம் தடவியவர்கள், மெர்குரோகுரோம் தடவிப் பாதரச விஷத்தைக் கண்டபின் விட்டவர்கள் என்று அதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. முடிவு தெரியாத குழந்தைக்கு அவசரமில்லாத இந்த வைத்தியம் போதும் என்று பெற்றோரும் வைத்தியரும் கூடி முடிவுசெய்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள விட்டால், அதை விதியிடம் தோற்றதென்று நான் சொல்லமாட்டேன். அத்தகைய தாய் ஒருத்தி, இது என் வினை என்று தானே சொல்லிக்கொண்டால் அவளோடு வாதம் செய்யவும் யாருக்கும் அதிகாரமில்லை. அந்தச் சொல் அவளுக்குத் தாங்கும் கோலாக இருக்கலாம். அதே சொல்லை அவள் மாமியார் சொன்னால், அங்கே வாதம் செய்தே ஆகவேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக என்னை விடாமல் நிற்கும் ஐயம் வேறொன்று. சைலோவைக் கொண்டு குடலை உள்ளே சேர்த்துவிட்டாலும், ஊறித் தடித்த அந்தக் குடல் பல வாரங்களுக்குப் பாலை ஏற்காது. தொடக்கத்தில் சில மில்லிலிட்டர் தாய்ப்பால் குழாய்வழி கொடுத்து, பச்சைப் பித்தம் திரும்பி வருகிறதா என்று பார்த்திருந்து, மெல்ல மெல்லத்தான் ஏற்றுவார்கள். அதுவரையில் குழந்தையை வளர்ப்பது சிரை வழியாகச் செலுத்தும் ஆகாரம். அது கண்டுபிடிக்கப்படும் முன், குடலைச் சரியாக உள்ளே வைத்தபின்பும் பசியால் மெலிந்து இறந்த குழந்தைகள் அநேகர். பென்சில்வேனியா சர்வகலாசாலையில் டட்ரிக், வில்மோர், வார்ஸ், ரோட்ஸ் என்பவர்கள் பீகிள் ஜாதி நாய்க்குட்டிகளுக்கு வாய்வழியாக ஒன்றும் கொடாமல் சிரைவழியாகவே முழு ஆகாரத்தையும் செலுத்தி, அவை உடன்பிறந்த குட்டிகளைப் போலவே வளர்வதை மெய்ப்பித்தார்கள். 1967-இல் பிலடெல்பியாவில், சிறுகுடல் ஏறக்குறைய முழுதுமே உருவாகாமல் பிறந்த பெண் சிசு ஒன்றுக்கு, வேறு வழி எதுவுமில்லாத நிலையில், அதே முறையைக் கையாண்டார்கள். எலும்பும் தோலுமாயிருந்த குழந்தை எடை கூடிற்று, தலை வளர்ந்தது, வாய்வழி ஆகாரம் இல்லாமலே வளர்ச்சி உண்டு என்று உலகம் முதன்முதலாகக் கண்டது. அடுத்த ஆண்டு அவ்விவரம் அச்சேறியது. அந்தப் பெண் இரண்டு வயது நிரம்பும் முன் இறந்துபோனாள். அவளைக்கொண்டு கற்ற வித்தையால் அன்று முதல் இன்று வரையில் பிழைத்த குழந்தைகளின் தொகையை எவரும் எண்ணி முடிக்க முடியாது.

செய்தவனுக்கே பலன், ஒருவன் வினை மற்றொருவனைச் சேராது என்பது கர்ம சித்தாந்தத்தின் ஆணிவேர். அந்தப் பெண் தன் பழவினையை அனுபவித்துத் தீர்த்துவிட்டுப் போனாள் என்று அதன்படி சொல்லிவிடலாம். ஆனால் அவள் அனுபவித்ததன் பலன் அவளை அறியாத, அவள் அறியாத லட்சக்கணக்கான சிசுக்களின் சிரைகளில் ஆகாரமாக ஓடுகிறது. அவள் எதையும் சங்கற்பித்துச் செய்தவளும் அல்லள், ஆகையால் புண்ணியமென்று அவள் பேரில் எழுதவும் விதியில்லை. பிள்ளை இடும் பிண்டம் இறந்த தகப்பனைச் சேரும் என்று கொள்ளும் நம் சிராத்த விதி, வினைப்பயன் இடம் மாறுவதற்கு ஒரு வாசலைத் திறந்துதான் வைத்திருக்கிறது. எனினும் அங்கே கொடுப்பவன் அறிந்து கொடுக்கிறான், பெறுபவன் இன்னானென்று பெயர் சொல்லி அழைக்கப்படுகிறான். அறியாமல் கொடுத்ததும் பெயரறியாமல் பெற்றதுமான இந்தக் கொடை எந்த விதியின் கீழ் அடங்கும் என்பதை மீமாம்சையில் தேர்ந்த பெரியோர் யாரேனும் எடுத்து விளக்கினால் கேட்க ஆவலாக இருக்கிறேன்.